தென்காசி மெஷினில் மட்டும்

இலஞ்சி,
9 மார்ச் 2025

அன்புள்ள தம்பி விஜய்பாண்டிக்கு,

நாங்க சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி போனபாடில்லை, மத்தபடி நல்லா இருக்கா. சுகந்திக்கு வாந்தி நின்னுட்டா? மாசமா இருக்கவளை வெறும் வயித்துல காப்பி குடிக்க விடாத.

போன்ல கூப்பிட்டா ரெண்டு வார்த்தைக்குள்ள அம்மா பிடுங்கிக்கிடுதா. ஆபீஸ் சாட்ல எழுதினா ஜெர்மனி முழுக்கப் படிக்கும். அதான் மெயில்ல கடுதாசி எழுதுதேன். நீயும் அப்படியே எழுது.

வெள்ளிக்கிழமை உங்க தலைமை ஆபீஸ்ல இருந்து உத்தரவு வந்தது. நம்ம வெள்ளப் பெட்டியோட பில்டை மேக்ஃபைல்ல இருந்து சி-மேக்குக்கு மாத்தணுமாம். என் மூஞ்சியைப் பார்த்துட்டு அம்மா, "என்னட்டி, என்ன வேலை சொல்லிட்டாவ?"ன்னு கேட்டா. "மலையில ஓடைத்தண்ணி ஏறினா அருவிக்கரையில சங்கு ஊதுத பெட்டி இருக்குல்லா, அதுக்குள்ள நாங்க எழுதின புரோகிராம் இருக்கும்மா. எழுதினா மட்டும் போதாது, பெட்டிக்குப் புரியுத மாதிரி ஒண்ணாக் கட்டி ஏத்தணும். அதைத்தான் பில்டுங்கது. அந்தக் கட்டுத முறையை மாத்தச் சொல்லுதாவ"ன்னேன். "இப்ப நல்லாத்தானே ஊதுது?"ன்னா.

நம்ம பில்டு தென்காசி ஆபீஸ் மூலையில கிடக்க அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல மட்டும்தான் ஓடும், உனக்கே தெரியும். கம்பெனி ஜெர்மனிக்காரங்க கைக்கு மாறுததுக்கு முந்தி நீயும் நானும் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டினது. இப்ப தொட்டா எது எங்க பிய்யும்னு பயமா இருக்கு. இங்கன நானும் ஹுஸைஃபாவும் மட்டும்தான் கோடு எழுத இருக்கோம். குத்தாலிங்கம் பெட்டியை மாட்டுதது, கழட்டுததோட சரி. இந்த யோசனை யாருது? நீதான் அங்கன சொன்னியா?

உடம்பைப் பார்த்துக்கோ. குளிருக்குக் காது மூடிப் போ.

உன் அக்கா,
ஸ்ரீதேவி


ஸ்டுட்கார்ட்,
12 மார்ச் 2025

அன்புள்ள எக்காவுக்கு,

இங்க நாங்க ரெண்டு பேரும் நலம். சுகந்திக்கு வாந்தி குறைஞ்சிருக்கு. உன் கை ரசம் வேணுங்கா, நான் வச்சா மூக்கைப் பிடிக்கா. அம்மா காலுக்கு டாக்டரை மாத்திப் பாரேன்.

நீ பயப்படுத அளவுக்கு ஒண்ணுமில்லக்கா. புது முறைக்கு வந்துட்டா அந்த ஓட்டைக் கம்ப்யூட்டரை நம்பி இருக்க வேண்டாம். யார் வேணும்னாலும், எங்க இருந்து வேணும்னாலும் பில்டு எடுக்கலாம். நீ லீவு போட்டா கூட வேலை நிக்காது. சாரல் சீசனுக்கு முந்தி முடிச்சிட்டா எல்லாருக்கும் நல்லது.

நீயும் ஹுஸைஃபாவும் உக்காந்தா ஆகாததா? உன்னை நம்பித்தான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.

அம்மாவை விசாரிச்சதாச் சொல்லு.

அன்புத் தம்பி,
விஜய்


இலஞ்சி,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள விஜய்க்கு,

எல்லாரும் சுகம். டாக்டரை மாத்தினோம். அவரும் அதே மாத்திரையைத்தான் வேற பேர்ல எழுதிக் குடுத்தார். சுகந்தி ரசத்துக்குப் புளியைக் கரைச்ச உடனே கொதிக்க விடாத, அவ்வளவுதான் சூட்சுமம்.

வேலை நடக்குது. நடக்குதுன்னு சொல்லணுமேன்னு சொல்லுதேன். ஒரு ஃபைலை மாத்தினா நாலு ஃபைல் கோவிச்சுக்கிடுது. பழைய மேக்ஃபைல்ல சில வரி எதுக்குக் கிடக்குன்னே தெரியலை, எடுத்தா மட்டும் உடையுது. எழுதினவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கம்பெனியை விட்டுப் போயிட்டாவ. அவங்க ஏன் அப்படி எழுதினாங்கன்னு நினைச்சு நினைச்சு மண்டை காயுது. கண்ணை மூடினா எர்ரர் வர்ற சிவப்பு எழுத்தாத் தெரியுது. வெயில் வேற. ஹுஸைஃபா பாவம், நவம்பர்ல நிக்காஹ். பொண்ணு போன் பண்ணினா, "பில்டு ஓடுது, முடிஞ்சதும் பேசுதேன்"னு வச்சிருதான். "ஏலே, அவ உன் பில்டையா கட்டப் போறா?"ன்னு கேட்டேன். சிரிக்கக் கூட அவனுக்குத் தெம்பில்லை.

நீ எழுதினியே, யார் வேணும்னாலும், எங்க இருந்து வேணும்னாலும்னு. அதை வாசிச்ச நாள்ல இருந்து ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அப்படி ஆயிட்டா இங்கன நாங்க எதுக்குலே? சும்மா கேக்கேன்.

ஸ்கேன் எப்போ? எழுது.

ஸ்ரீதேவி


ஸ்டுட்கார்ட்,
30 மே 2025

அன்புள்ள எக்கா,

பதில் போடத் தாமதம், மன்னிச்சுக்கோ. வீடு மாறினோம். ஸ்கேன் நல்லா இருக்குன்னுட்டாங்க. அக்டோபர் நடுவுல இருக்கும்னு சொல்லுதாங்க. சுகந்தி நடந்துக்கிட்டே இருக்கா. இங்க பொழுது இருட்ட மாட்டேங்குது, எந்நேரமும் வெளிச்சம். அம்மாகிட்டச் சொல்லு, சிரிப்பா.

சி-மேக் வேலை எந்த அளவுல இருக்கு? ஜூன்ல அருவியில பழைய பெட்டியும் புதுப் பெட்டியும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டிப் பார்த்துட்டு, நீ சரின்னு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. தேதி மட்டும் சொல்லு, இங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க.

குற்றாலத்துல தண்ணி விழ ஆரம்பிச்சிட்டா? போட்டோ அனுப்பு.

விஜய்


இலஞ்சி,
22 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் சுகம். பாப்பா நல்லா இருக்குன்னு கேட்டு அம்மா இலஞ்சி முருகன் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுட்டு வந்தா. இங்கன நாங்க எதுக்குன்னு நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதலை. சரி, வீடு மாறின அலைச்சல்.

நேத்து நடந்ததை எழுதுதேன். நிதானமா வாசி.

புது பில்டை ஏத்தின பெட்டியைப் போன வாரமே பழையது இருக்க கம்பத்துலயே மாட்டிட்டோம். நேத்து சனிக்கிழமை, காலையில இருந்து சாரல். நல்ல கூட்டம். நானும் குத்தாலிங்கமும் கம்பத்துக்குக் கீழ குடையோட நிக்கோம். மலையில மேகம் கறுத்து இறங்கிச்சு, கொஞ்ச நேரத்துல பழைய பெட்டி ஊதிச்சு. போலீஸ்காரர் விசில் அடிச்சு எல்லாரையும் மேல ஏத்துதார். ஒரு அம்மா தலையில சீயக்காயோட, "வேன் பிடிச்சு வந்திருக்கோம், அலசக் கூட விட மாட்டியளா?"ன்னு ஏசிக்கிட்டே ஏறுதா. நான் அண்ணாந்து புதுப் பெட்டியைப் பாக்கேன். பச்சை விளக்கு எரியுது. சத்தம் இல்லை.

"எக்கா, இது ஏன் ஊதலை?"ங்கான் குத்தாலிங்கம்.

"பொறு"ன்னேன்.

தண்ணி செம்மண் நிறமாகி, கல்லும் கிளையும் உருட்டிக்கிட்டு வந்து விழுந்துச்சு. அந்த அம்மா நின்ன இடம் மறைஞ்சு போச்சு. கடைசி ஆளும் மேல ஏறித் துண்டால தலையைத் துவட்டும்போதுதான் புதுப் பெட்டி ஊத ஆரம்பிச்சது. பக்கத்துல ஒருத்தர், "என்ன, இன்னொரு தரம் எதுக்கு ஊதுதாவ?"ன்னு கேட்டார். குத்தாலிங்கம் டீ வாங்கிக் குடுத்தான், கொட்டிட்டேன்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன், விஜய். அங்கன சொல்லிரு.

அக்கா


ஸ்டுட்கார்ட்,
23 ஜூன் 2025

எக்கா,

நலம். மெயிலை இப்பத்தான் பார்த்தேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்லா? அதுவே போதும்.

ஆனா பில்டுல கோளாறு இருக்காதுன்னு இங்க சொல்லுதாங்க. கோடு அதே கோடு, ஒரு எழுத்து மாறலை, கட்டுத முறைதான் வேற. மழையில சென்சார் கேபிள்ல ஈரம் இறங்கியிருக்கும். கேபிளை மாத்திட்டுக் கையெழுத்தைப் போட்டு விடுக்கா. மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம். எனக்காக.

விஜய்


இலஞ்சி,
6 ஜூலை 2025

விஜய்க்கு,

சுகந்தி கால் வீங்குதுன்னு அம்மாகிட்டச் சொன்னாளாம். உப்பைக் குறைக்கச் சொல்லு, தலையணை மேல காலை வச்சுப் படுக்கட்டும்.

கேபிளை மாத்தினோம். சென்சாரையே மாத்தினோம். ஒரே சென்சார்ல இருந்து ரெண்டு பெட்டிக்கும் வயர் இழுத்துப் பார்த்தோம். பழையது ஊதுது, புதுசு யோசிச்சு யோசிச்சு அப்புறம் ஊதுது. ஈரமும் இல்லை, ஒண்ணும் இல்லை.

இன்னொண்ணு. வியாழக்கிழமை கட்டிடத்துக்காரர் மைதீன் பாய் ஆபீஸுக்கு வந்தார். வாசல்லயே நிக்கார், உள்ள வர மாட்டேங்கார். "ஏம்மா, செப்டம்பரோட காலி பண்ணுதியளாமே? உங்க ஜெர்மனிக்காரவ மெயில் போட்டிருக்காவ. எம்மவன்தான் வாசிச்சுச் சொன்னான். நீ ஒரு வார்த்தை சொல்லலையேன்னு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு"ங்கார்.

"இன்னும் முடிவாகலை பாய்"னு சொல்லி அனுப்பினேன். அவர் படி இறங்குத வரைக்கும் சிரிச்ச மூஞ்சியோட நின்னேன்.

உள்ள வந்தா ஹுஸைஃபா காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு டெஸ்ட் ஓட்டிக்கிட்டு இருக்கான். குத்தாலிங்கம் கேபிளைச் சுத்துதான். ரெண்டு பேர்கிட்டயும் நான் சொல்லலை. எப்படிச் சொல்ல? நீங்க ராப்பகலா உக்காந்து செய்யுதது நம்ம கடையை நாமளே சாத்துத வேலைன்னா?

பில்டு இந்த மெஷின்ல மட்டும் ஓடினதாலதான் இந்த ஆபீஸ் இருந்திருக்கு. எனக்கு இப்பத்தான் உறைக்குது. உனக்கு எப்ப உறைச்சுது?

ஸ்ரீதேவி


ஸ்டுட்கார்ட்,
24 ஜூலை 2025

அன்புள்ள எக்காவுக்கு,

நீயும் அம்மாவும் நலமா? சுகந்திக்கு வீக்கம் கொஞ்சம் வத்தியிருக்கு. உப்பு இல்லாம நானும் சாப்பிடுதேன்.

உடனே எழுதணும்னு பல தடவை உக்காந்தேன். மைதீன் பாய் சொன்னது முடிவான விஷயம் இல்லக்கா. கம்பெனின்னா நாலு விதமா யோசிப்பாங்க, அதுல அதுவும் ஒண்ணு. கட்டிட விஷயம் பேசுத கூட்டத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிட மாட்டாங்க. நீ அதைப் போட்டு மனசைக் குழப்பிக்காத.

இங்க என் காண்ட்ராக்ட் செப்டம்பரோட முடியுது. இந்த மாத்தம் ஒழுங்கா நடந்தா நீட்டிப்பாங்க. நீட்டலைன்னா விசா, இன்சூரன்ஸ்… சுகந்திக்கு அப்ப மாசம் நிறைஞ்சிருக்கும். சரி விடு, உன்கிட்ட இதைச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.

கோளாறு எங்கன்னு தெரிஞ்சா உடனே சொல்லு.

விஜய்


ஸ்டுட்கார்ட்,
11 ஆகஸ்ட் 2025

எக்கா,

நலமா? ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, உன் பதிலைக் காணோம். போன் பண்ணினா அம்மா எடுக்கா, "அவ படுத்திருக்கா"ங்கா. சாயங்காலம் ஆறு மணிக்குப் படுக்குத ஆளா நீ?

நீ ஆபீஸுக்குப் போறதும், பில்டு ஓட்டுததும் இங்க தெரியுது. ஆனா திருத்தின கோடு எதையும் செக்-இன் பண்ணி எங்களுக்கு அனுப்பலை. உன்னால கண்டுபிடிக்க முடியாத கோளாறுன்னு ஒண்ணு உண்டுன்னு நான் நம்பலை. ஏன்னு கேக்க மாட்டேன்.

இன்னைக்குக் கூட்டத்துல முடிவு பண்ணிட்டாங்க. தென்காசி கையெழுத்துக்குக் காத்திருக்கப் போறதில்லை. வியாழக்கிழமை, இடுக்கியில ரெண்டு ஆத்துல இருக்க நம்ம பெட்டிக்கும் இமாச்சல்ல இருக்க பெட்டிக்கும் புது பில்டை ஏத்துதாங்க. இங்க இருந்தபடியே ஏத்திருவாங்க. உங்க அருவியில பழைய பெட்டியும் இருக்கதால அங்க ஆபத்தில்லையாம். மத்த இடத்துல பழையது இருக்காது.

கூட்டத்துல நான் வாயைத் திறக்கலை. உன்கிட்டச் சொல்லுதேன்.

விஜய்


இலஞ்சி,
12 ஆகஸ்ட் 2025

விஜய்,

நிறுத்தச் சொல்லு. முதல்ல போன் பண்ணி நிறுத்தச் சொல்லிட்டு, அப்புறம் மிச்சத்தை வாசி.

நம்ம கோடுல, எப்ப ஊதணும்னு முடிவு பண்ணுத ஃபங்ஷன் ஒரே பேர்ல ரெண்டு கிடக்கு. ஒண்ணு குளத்துக்காக எழுதினது. அங்க தண்ணி மெதுவாத்தான் ஏறும், அதனால அது நிதானமாச் சராசரி பார்த்துட்டுத்தான் ஊதும். இன்னொண்ணு அருவிக்கு, ஏறின உடனே ஊதுதது. ரெண்டும் வேற வேற லைப்ரரி ஃபைல்ல இருக்கு. கட்டும்போது எது முதல்ல வருதோ அதை எடுத்துக்கிட்டு, மத்ததைச் சத்தமில்லாம விட்டுரும். எர்ரரும் வராது, எச்சரிக்கையும் வராது. பழைய மேக்ஃபைல்ல அருவி முன்னால வரும்படி எவனோ வரிசையை மாத்தி வச்சிருக்கான், எதுக்குன்னு எழுதாமப் போயிட்டான். புதுசுல நாங்க இங்கிலீஷ் அகர வரிசையில அடுக்கினோம். டேங்க், வாட்டர்ஃபால்னு குளம் முன்னால வந்துட்டு.

பேரை மாத்தி, வரிசையைச் சரி பண்ணி, இனிமே ஒரே பேர் ரெண்டு வந்தா பில்டே நிக்கும்படி வச்சு, காலையில செக்-இன் பண்ணிப் புதுப் பெட்டியிலயும் ஏத்திட்டேன். மத்தியானம் மழை பெஞ்சது. ரெண்டு பெட்டியும் ஒண்ணா ஊதிச்சு. கையெழுத்தும் போட்டாச்சு.

எப்போ கண்டுபிடிச்சேன்னு கேக்காத.

உங்க தலைமைக்கு நானே நேரா ஒரு மெயில் போட்டிருக்கேன். எந்த பில்டா இருந்தாலும் ஓடுத தண்ணியில ஒரு தடவை ஓட்டிப் பார்க்காம எந்த ஊர்லயும் ஏத்தக் கூடாதுன்னு. உன் பேரை அதுல எழுதலை.

ஆபீஸை மூடப் போறதை ஹுஸைஃபாகிட்டயும் குத்தாலிங்கத்துகிட்டயும் சொல்லிட்டேன். ஹுஸைஃபா பொண்ணுக்குப் போன் போட்டுக்கிட்டே வெளிய போனான். குத்தாலிங்கம்தான், "அப்ப நல்லபடியா முடிச்சுட்டோம்லா எக்கா?"ன்னு கேட்டான். ஆமான்னேன்.

சுகந்தியைப் பார்த்துக்கோ.

ஸ்ரீதேவி


ஸ்டுட்கார்ட்,
20 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தைக்கு,

இனி உன்னை அப்படித்தான் கூப்பிடணும். பொம்பளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் நலம். போன்ல நீ ரெண்டு வார்த்தைதான் பேசின, அம்மாதான் அழுதா.

ரொம்ப நாளா எழுதலை. என்ன எழுதன்னு தெரியலை. காண்ட்ராக்டை ரெண்டு வருஷம் நீட்டிட்டாங்க. அந்த வரிசைக் கோளாறைக் கண்டுபிடிச்சது யாருன்னு கூட்டத்துல கேட்டாங்க. என் அக்கான்னு சொன்னேன். "உனக்கு அக்கா உண்டா, அவளும் நம்ம கம்பெனியா?"ன்னு ஆச்சரியப்பட்டாங்க. இத்தனை வருஷம் நீ அவங்களுக்கு வெறும் லாகின் பேராத்தான் இருந்திருக்க.

எக்கா, ஒண்ணு கேக்கேன். ஆபீஸும் மூடியாச்சு. அங்கன தனியா உக்காந்து என்ன செய்யப் போற? அம்மாவைச் சித்தி வீட்டுல விட்டுட்டு ஆறு மாசம் இங்க வந்து இரேன். சுகந்தியால தனியாச் சமாளிக்க முடியலை. டிக்கெட், விசா எல்லாம் நான் பார்த்துக்கிடுதேன். உனக்கும் ஒரு மாத்தமா இருக்கும்.

விஜய்


இலஞ்சி,
2 நவம்பர் 2025

அன்புள்ள விஜய்க்கும் சுகந்திக்கும்,

பிள்ளைக்கு என் முத்தம். போட்டோவைப் பார்த்தேன், மூக்கு நம்ம அப்பா மூக்கு. சுகந்திக்குப் பூண்டு நல்லாக் குடு. அவ அழுதா பக்கத்துல இரு, காரணம் கேக்காத. அம்மாவுக்குக் கால் வலி குறைஞ்சிருக்கு, பேத்தி வந்த தெம்பு.

ஆபீஸைச் செப்டம்பர் கடைசியில காலி பண்ணினோம். நாற்காலியெல்லாம் மைதீன் பாய் எடுத்துக்கிட்டார். ஹுஸைஃபாவுக்குக் கொச்சியில வேலை ஆயிட்டு. அடுத்த வாரம் நிக்காஹ், அம்மாவும் நானும் போறோம். குத்தாலிங்கம் லாட்ஜுகளுக்கு வயரிங் பண்ணப் போறான். ஓடுத தண்ணியில பெட்டியைச் சோதிக்க அவனையே வச்சுக்கிடுதோம்னு உங்க கம்பெனி எழுதியிருக்கு, மாசத்துல ஒரு நாள் வேலை. அந்த அளவுக்காவது என் மெயிலை வாசிச்சிருக்காவ.

நான் தூங்குதேன், விஜய். சாப்பிடுதேன், தூங்குதேன். ரெண்டு பேர் வேலைக்குக் கூப்பிட்டாவ, பொங்கல் கழியட்டும்னு சொல்லிட்டேன். உன்மேல கோபமான்னு போன்ல சுகந்தி கேட்டா. கோபப்படவும் ஒரு தெம்பு வேணும்லா. அது வரும்போது உனக்கு எழுதுதேன். இல்ல, வராமலே போனாலும் போகும்.

நீ கூப்பிட்டதை ரெண்டு நாள் யோசிச்சேன். என் கைக்கு வேலை இல்லாமப் போனதும் உனக்கு என் கை ஞாபகம் வந்திருக்கு. தப்பா எடுத்துக்காத, எனக்குத் தோணினதை எழுதுதேன். அம்மாவைச் சித்தி வீட்டுல விட முடியாது. அவ எங்க இருக்கணும்னு அவளைத்தான் கேக்கணும், உன்னையும் என்னையும் இல்ல. அங்கன பிள்ளை பார்க்க ஆள் கிடைக்கும், விசாரி. நீயும் லீவு போடு. நீ இல்லாட்டியும் பில்டு ஓடும்.

நான் பிள்ளை பார்க்க வர மாட்டேன், தம்பி. பிள்ளையைப் பார்க்க வருவேன், சித்திரையில. டிக்கெட்டை நானே போட்டுக்கிடுதேன்.

மூணு பேரும் சுகமா இருங்க.

ஸ்ரீதேவி